நூறு கேட்டால் எழுபத்தொன்று

சிவ்ரியில் முப்பத்தோராவது மாடி.
லிஃப்டில் என் வாளியைப் பார்த்து
ஒருவர் விலகி நிற்கிறார்.
உப்புதான் சார், கடலுக்குப் போடுகிற உப்பு
என்று நான் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு வெளியே இருப்பதும் கடல்தான்.
சேறும் எண்ணெய்ப் படலமும்
தூரத்தில் இளஞ்சிவப்பாய்ப் பூநாரைகளும்.
அதிலிருந்து ஒரு சொட்டுகூட
இந்தக் கண்ணாடிக்குள் வரக் கூடாது.
என் வேலையின் முதல் விதி அது.

இரண்டாவது,
கால்சியமும் காரமும் ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது.
குழாய் வாயிலேயே சந்தித்துக்கொண்டால்
வெள்ளைப் பொடியாகி யாருக்கும் உதவாது.
ஆகவே ஒன்று மணிக்கு, மற்றது அரைமணிக்கு.
திங்கள் முதல் புதன் வரை ஹோஷாங் சார்,
மிச்ச நாளெல்லாம் வீரா மேடம் என்று
இந்த வீடும் ஒரு வருடமாக அப்படித்தான்.
மந்தாபாய் சொன்னாள், நான் கேட்காமலே.

சம்பளம் ஒன்றாம் தேதி தானாக வந்துவிடும்.
பம்பும் தானாக.
மணிக்கு இரண்டு மில்லி, கிர்ர் என்று நான்கு நொடி,
பிறகு கைப்பேசியில் ஒரு பச்சை டிக்.
முன்பெல்லாம் வாராவாரம் தண்ணீரைச் சோதிப்பேன்.
பம்பு வந்த பிறகு
டிக்கைச் சோதித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன்.

இன்று பார்த்தால்
கொம்புப் பவளத்தின் அடித்தண்டில்
நக அகலத்துக்கு வெள்ளை.
தோல் கழன்று எலும்பு தெரிகிறது.
ஊசிக்குழலை எடுத்து, சொட்டுச் சொட்டாய்
நீலம் மஞ்சளாகும் வரை எண்ணினேன்.
எட்டேகால் இருக்க வேண்டியது ஆறரை.
கைப்பேசியில் இன்னும் பச்சைதான்.

தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் தலையை விட்டு
ஒருக்களித்துப் படுத்து
அளவுக்குழாயை ஏந்திப் பிடித்து
நூறு மில்லி கொடு என்றேன்.
கொடுத்துவிட்டேன் என்றது.
கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன்.
எழுபத்தொன்று.

பொய் என்று சொல்ல முடியாது.
அது தன் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது.
உருளை ஒரே இடத்தை அமுக்கி அமுக்கி
ரப்பர் தொய்ந்து
பிழிந்ததில் பாதி வந்த வழியே திரும்பியிருக்கிறது.

முந்நூற்றைம்பது ரூபாய்க் குழல்.
மாற்றிவிட்டு மறுபடி ஏந்தினேன்.
தொண்ணூற்றொன்பது. போதும்.

வீரா மேடம் போனில் கேட்டார்,
இன்றைக்கே முழுசாகக் கொடுத்துவிட முடியாதா?
முடியாது மேடம்.
இத்தனை நாள் பட்டினிக்கு ஒரே நாளில் போட்டால்
மிச்சமும் எரிந்துபோகும்.
தினம் இவ்வளவுதான். ஒன்பது நாள்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
ஒன்பது நாளா, என்றார்.
பிறகு, ஹோஷாங்கிடம் நீ சொல்லிவிடுகிறாயா?
நீங்களே சொல்லுங்களேன் என்று வாய் வரை வந்தது.
சொல்கிறேன் என்றேன்.
எட்டு மாதம் நான் பார்க்கவில்லை என்பதை
இருவரிடமும் சொல்லப் போவதில்லை.

மணி நாலு இருபத்தாறு. வேலை முடிந்தது.
ஓடினால் வண்டியைப் பிடிக்கலாம்.
இன்னும் என்ன, என்று டீ டம்ளரை வைத்தாள் மந்தாபாய்.
சும்மா, என்றேன்.

கிர்ர்.
குழல் முனையில் ஒரு சொட்டு திரண்டு
கொஞ்சம் தயங்கி
விழுந்தது.

பழைய குழல் சட்டைப்பையில் இருந்தது.
பிடிக்கக் கம்பி கிடைக்காத கூட்டத்தில்
அதைத்தான் அமுக்கிக்கொண்டு வந்தேன்.
சூனாபட்டி தாண்டும்போது எடுத்துப் பார்த்தேன்.
உருளை உட்கார்ந்த பள்ளம்
விரலை எடுத்த பிறகும்
நிமிரவே இல்லை.